லினக்ஸில் இசைப்பதிவு: சவுண்டு கார்டின் தாமதத்தைப் படிப்படியாகச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

மதுரையில் திருநகரை ஒட்டிய என் சிறிய பதிவறைக்கு லினக்ஸ் மடிக்கணினியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். வாசித்த ஒலி ஹெட்ஃபோனில் பிந்திக் கேட்கிறது என்பது ஒன்று. ஒலி நடுநடுவே ‘சட், சட்’ என்று தெறிக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அவர்கள் முதலில் கைவைப்பது பஃபர் எண்ணில்தான், அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவில்தான். ஒலி பிந்தினால் எண்ணைக் குறைக்கிறார்கள், தெறித்தால் கூட்டுகிறார்கள், ஒரு மணி நேரம் கழித்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள்.

பஃபர் எண்ணை மாற்றுவதை இந்த வழிகாட்டியில் ஏழாவது படியாக வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஆறு படிகளும் ஒழுங்காக இல்லாத கணினியில் எந்த எண்ணும் நிலைக்காது. வரிசையை மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதித்துப் பாருங்கள். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை, தனியே சொல்லியிருக்கும் இடம் தவிர, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் இசைக்கருவியையும் கணினியோடு இணைக்கும் வெளிப்புறச் சவுண்டு கார்டு), அதனோடு வந்த யூஎஸ்பி கேபிள், கம்பியுள்ள ஹெட்ஃபோன், இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கே திரும்பச் செருகக்கூடிய ஒரு கால் அங்குல ஜாக் கேபிள், ஒரு நோட்டு, பேனா. கடைசி இரண்டையும் பலர் தேவையற்றவை என்று நினைக்கிறார்கள். எதை மாற்றினோம், மாற்றியதும் என்ன ஆனது என்று எழுதாமல் போனால், நான்காவது மாற்றத்தின்போது இரண்டாவது மாற்றம் நினைவில் இருக்காது.

புளூடூத் ஹெட்ஃபோனை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். அது தன்னளவிலேயே பெரும்பாலும் நூறு மில்லிநொடிக்கும் மேல் தாமதம் சேர்ப்பது. லினக்ஸில் எந்த அமைப்பை மாற்றியும் அதை வாசிப்புக்கு ஏற்றதாக ஆக்க முடியாது.

மென்பொருள்களில், ஆல்சா-யூட்டில்ஸ் (சவுண்டு கார்டுக்கான கட்டளைகள்), பாவுகன்ட்ரோல் (ஒலி அமைப்புகளை மாற்றும் சாளரம்), க்யூஜாக்சிடிஎல் (ஜாக் என்னும் ஒலி நிரலை இயக்கும் சாளரம்) ஆகிய மூன்றையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஆர்டிசிக்யூஎஸ் என்னும் சிறு பைத்தான் நிரலும் உதவும். கணினியின் ஒலி தொடர்பான அமைப்புகளை ஒருமுறை படித்து, எது குறை என்று பட்டியலிட்டுத் தரும். ஆனால் அது சொல்லும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள். கீழே உள்ள வரிசையில் அந்தந்த இடம் வரும்போது மாற்றினால் போதும்.

1. குறைந்த தாமதம் உங்களுக்குத் தேவைதானா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒலி காற்றில் ஏறக்குறைய நொடிக்கு 340 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி. 10 மில்லிநொடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவரின் வாசிப்பைக் கேட்பதற்குச் சமம். மேளக் கச்சேரியில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் அமர்ந்து வாசிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், யாருக்கு எவ்வளவு தாமதம் உறுத்தும் என்பது விளங்கும்.

கூர்மையான தாக்கு ஒலி தருகிற கருவிகளை வாசிப்பவர்களே தாமதத்தை முதலில் உணர்கிறார்கள். வலந்தலையில் விரற்கூடு அணிந்து வாசிக்கும் தவில் கலைஞர் ஒருவர், பஃபர் 512இல் இருந்தபோது நான்கு சொற்கட்டுகளை வாசித்துவிட்டு நிறுத்தி, “தம்பி, என் கை முன்னால போகுது, சத்தம் பின்னால வருது” என்றார். அதே அமைப்பில் சுருதிப்பெட்டியோடு நீண்ட கார்வை பிடித்துப் பாடியவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆகவே கேள்வி இதுதான்: கலைஞர் தன் ஒலியைக் கணினியின் வழியாகக் கேட்க வேண்டிய கட்டாயம் உண்டா? மைக்கில் பாடுகிறவருக்கும் தவில், பறை வாசிப்பவருக்கும் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்னும் பொத்தானோ குமிழோ இருந்தால், ஒலி கணினிக்குள் போகாமலேயே ஹெட்ஃபோனுக்குத் திரும்பிவிடும். அப்போது பஃபரை 1024இல் விட்டுவிட்டே நிம்மதியாகப் பதிவு செய்யலாம். எட்டாவது படியில் உள்ள அளவீட்டை மட்டும் செய்தால் போதும்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. டைரக்ட் மானிட்டரையும் திறந்து, ஆர்டோர் போன்ற பதிவு மென்பொருளின் கண்காணிப்பையும் (உள்ளே வரும் ஒலியைத் திரும்பக் கேட்கவைக்கும் வசதி) திறந்தே வைத்திருப்பார்கள். ஒரே குரல் இரண்டு முறை, சிறு இடைவெளியில் கேட்பதால் குழாய்க்குள் பாடுவதுபோல ஒலிக்கும். அதைக் கேட்டுவிட்டு மைக் கெட்டுவிட்டது என்று மாற்றியவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றை அணையுங்கள். ஆர்டோரின் விருப்பங்களில் கண்காணிப்பை வன்பொருளிடம் ஒப்படைக்கும் தெரிவு இருக்கிறது.

கீபோர்டை மிடி (எந்தச் சுரம் அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் முறை) வழியாக இணைத்துக் கணினியின் ஒலியை வாசிப்பவர்கள், கிட்டாரை கிட்டாரிக்ஸ் போன்ற மென்பொருள் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்பவர்கள் ஆகியோருக்கு வேறு வழியில்லை. அவர்கள் எல்லாப் படிகளையும் கடக்க வேண்டும்.

2. கேட்கும் குறை எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். அதிக நேரத்தை இழப்பவர்களும் அவர்களே.

இடைவிடாத ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் தாமதச் சிக்கல் அன்று. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவு எர்த் கோளாறு வழியாக ஒலிக்குள் புகுந்தது அது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால், மின்னிணைப்பையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். பஃபரை எவ்வளவு மாற்றினாலும் அது போகாது.

ஒலி முற்றாக நின்று, சில நொடிகளில் இன்டர்ஃபேஸின் விளக்கு அணைந்து எரிந்தால் அது இணைப்பு அறுந்து மீண்டது. கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் யூஎஸ்பி துண்டிப்புச் செய்தி தென்படும். ஆறாவது படிக்கு நேரே செல்லுங்கள்.

‘சட்’ என்ற தெறிப்பு, நொடிக்கும் குறைவான வெட்டு ஆகியவையே எக்ஸ்ரன் எனப்படுபவை. சவுண்டு கார்டு அடுத்த பஃபரைக் கேட்டபோது கணினியிடம் அது தயாராக இல்லை என்பதே அதன் பொருள். ஏன் தயாராக இல்லை என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. வேலை அதிகமாக இருந்து முடிக்க முடியாமல் போயிருக்கலாம். அல்லது வேலை குறைவாகவே இருந்தும், நடுவில் வேறொன்று குறுக்கிட்டதால் நேரத்துக்குத் தொடங்க முடியாமல் போயிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு.

மென்பொருள்களுக்கும் சவுண்டு கார்டுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் நிரலை ஒலிச் சேவையகம் என்பார்கள்; பைப்வயர், ஜாக் ஆகியவை அவ்வகை. பைப்வயர் உள்ள கணினியில் பிடபிள்யூ-டாப் கட்டளையை இயக்கினால் இதைக் கண்ணாலேயே காணலாம். ‘க்வான்ட்’ என்ற பத்தி அப்போதைய பஃபர் அளவையும், ‘ரேட்’ சாம்பிள் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது), ‘எர்ர்’ எக்ஸ்ரன் எண்ணிக்கையையும் காட்டும். ‘பி/க்யூ’ என்ற பத்தியே முக்கியமானது; கிடைத்த நேரத்தில் எவ்வளவு பங்கு வேலையில் கழிந்தது என்பதை அது சொல்கிறது. அந்த எண் 0.8ஐத் தாண்டி நிற்கும்போது எர்ர் ஏறினால் வேலைப் பளு, 0.1, 0.2 என்று தாழ்ந்திருக்கும்போதே ஏறினால் குறுக்கீடு. ஜாக் பயன்படுத்துகிறவர்களுக்கு க்யூஜாக்சிடிஎல் சாளரத்தில் தெரியும் டிஎஸ்பி (ஒலி வேலைப் பளு) விழுக்காடும் எக்ஸ்ரன் எண்ணிக்கையும் இதே செய்தியைத் தரும்.

புதியவர்களின் கணினிகளில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை குறுக்கீட்டு வகை. அதனால்தான் வேகமான புதிய மடிக்கணினி வாங்கியும் அவர்களுக்குத் தெறிப்பு நிற்கவில்லை.

3. ஒரே சவுண்டு கார்டு, ஒரே ஒலிச் சேவையகம்

ப்ராக் அடைவின் கீழ் அசவுண்டு அடைவில் உள்ள கார்ட்ஸ் என்ற கோப்பைக் கேட் கட்டளையால் படித்தால், கணினி அறிந்த சவுண்டு கார்டுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். எச்டிஎம்ஐ வெளியீடு ஒன்று, மடிக்கணினியின் உள்ளிருக்கும் கார்டு ஒன்று, உங்கள் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று என மூன்று இருப்பது வழக்கம். இடப்பக்கம் உள்ள எண் ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் மாறக்கூடும் என்பதால், க்யூஜாக்சிடிஎல்லில் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணால் அல்லாமல் சதுர அடைப்புக்குள் உள்ள பெயரால் தேர்ந்தெடுங்கள். “நேற்று வேலை செய்தது, இன்று ஒலியே இல்லை” என்னும் முறையீடுகளில் பல இங்கேயே தீர்கின்றன.

உள்ளீட்டுக்கு ஒரு கருவி, வெளியீட்டுக்கு வேறொரு கருவி என்று வைக்காதீர்கள். யூஎஸ்பி மைக்கில் பாடி, மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையில் கேட்பது வசதியாகத் தோன்றும். ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய பைப்வயர் ஒலியை இடைவிடாமல் மறுமாதிரி எடுக்கிறது, அதாவது வேறு வேகத்துக்கு மாற்றிக் கணக்கிடுகிறது. அதற்கென்று கூடுதல் இடமும் ஒதுக்குகிறது. தாமதம் கூடுவதற்கு அதுவே போதும்.

அடுத்து, சேவையகம். பாக்டிஎல் இன்ஃபோ கட்டளையின் விடையில் சேவையகத்தின் பெயர் என்ற வரியில் பைப்வயர் என்று இருந்தால், அதன் மேலேயே ஜாக்கைத் தனியாக இயக்க முயலாதீர்கள். கார்டு ஏற்கெனவே ஒருவர் கையில் இருப்பதால் ‘கருவி பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழை வரும், அல்லது இரண்டும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்ளும். பைப்வயர்-ஜாக் தொகுப்பை நிறுவி, ஜாக் மென்பொருள்களை பிடபிள்யூ-ஜாக் கட்டளை வழியாகத் தொடங்கினால் அவை பைப்வயரையே ஜாக் என்று எண்ணி இயங்கும். எந்த வழியானாலும் ஒன்றை மட்டும் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

பைப்வயர் வழியில் போகிறவர்கள், பாவுகன்ட்ரோலின் கடைசித் தாவலில் இன்டர்ஃபேஸின் சுயவிவரத்தை ‘ப்ரோ ஆடியோ’ என்று மாற்றுங்கள். சாதாரணச் சுயவிவரம் வீட்டுப் பயன்பாட்டுக்கானது; ப்ரோ ஆடியோ எல்லாச் சேனல்களையும் நேரடியாகத் திறந்துவிடுகிறது. ஒலியளவு திடீரென்று மாறக்கூடும் என்பதால், மாற்றும் முன் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சாம்பிள் ரேட்டையும் இப்போதே ஒன்றாக்குங்கள். பைப்வயர் இயல்பாக 48000இல் ஓடும். உங்கள் பாடல் 44100இல் தொடங்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு துளியும் மறுமாதிரி எடுக்கப்படும். புதிய பாடல்களை 48000இல் தொடங்குவதே எளிது. பழைய பாடலைத் திறக்க வேண்டியிருந்தால், பைப்வயர் அமைப்பில் அனுமதிக்கப்பட்ட ரேட்டுகளின் பட்டியலில் 44100ஐயும் சேர்க்க வேண்டும்.

4. ஒலிக்கு முன்னுரிமை பெறும் அனுமதி

குறுக்கீட்டு வகை எக்ஸ்ரனுக்கு முதற்காரணம் இதுதான். நெரிசலான சாலையில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதுபோல, ஒலி வேலைக்கு மற்ற எல்லா வேலைகளும் வழிவிட வேண்டும். அந்த உரிமை சாதாரணப் பயனருக்கு இயல்பாகக் கிடையாது.

யூலிமிட் கட்டளையை சிறுகோடு ஆர் என்ற விருப்பத்தோடு இயக்குங்கள். 95 என்று வந்தால் அனுமதி இருக்கிறது. 0 என்று வந்தால் இல்லை. அதே கட்டளையை சிறுகோடு எல் விருப்பத்தோடு இயக்கினால் நினைவகத்தைப் பூட்டிவைக்கும் வரம்பு தெரியும். அது ‘அன்லிமிடெட்’ என்றிருப்பது நல்லது.

இல்லையென்றால், ஈடிசி அடைவின் கீழ் செக்யூரிட்டி, அதன் கீழ் லிமிட்ஸ்.டி அடைவில் ஆடியோ.கான்ஃப் என்ற கோப்பை உருவாக்கி இரண்டு வரிகளை எழுத வேண்டும்: ஆடியோ குழுவுக்கு ஆர்டிப்ரையோ 95, அதே குழுவுக்கு மெம்லாக் அன்லிமிடெட். குழுவின் பெயருக்கு முன் அட் குறியையும், அதற்கடுத்துத் தனியே ஒரு சிறுகோட்டையும் இட மறக்காதீர்கள். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ஜாக்டி2 தொகுப்பை நிறுவும்போது வரும் கேள்விக்கு ஆம் என்றால் இந்தக் கோப்பைத் தொகுப்பே உருவாக்கிவிடும்.

பிறகு உங்கள் பயனரை ஆடியோ குழுவில் சேர்க்க யூசர்மாட் கட்டளை. இங்கே மிகுந்த கவனம் தேவை. சிறுகோட்டை அடுத்து சிறிய ஏ, பெரிய ஜி ஆகிய இரண்டு எழுத்துகளும் வேண்டும். சிறிய ஏ-வை விட்டுவிட்டால், ஆடியோவில் சேர்க்கும் அதே நொடியில் மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கிவிடும்; சூடோ என்னும் நிர்வாகி உரிமையும் அதோடு போய்விடும். மாணவர் ஒருவரின் கணினியை மீட்க ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவிட்டோம்.

செய்து முடித்ததும் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்குங்கள். டெர்மினலை மூடித் திறப்பது போதாது. குழு உறுப்புரிமையும் வரம்புகளும் உள்நுழையும் வேளையில்தான் படிக்கப்படுகின்றன என்பதால், “எல்லாம் செய்தேன், இன்னும் 0 என்றுதான் வருகிறது” என்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு செயலைத்தான் விட்டிருப்பார்கள்.

அனுமதி இல்லாத நிலையிலும் பைப்வயர், ஆர்டிகிட் என்னும் இடைத்தரகர் வழியாக ஓரளவு முன்னுரிமை பெறுகிறது. ஆனால் அது இயல்பாக 20 வரைதான் தருகிறது. பாட்டுக் கேட்க அது தாராளம். 128 பஃபரில் வாசிக்கப் போதாது.

சூடோ போட்டுப் பதிவு மென்பொருளைத் திறப்பது மாற்றுவழி ஆகாது. அப்படித் திறந்தால் அது வேறொரு பயனரின் பெயரில் ஓடும். உங்கள் ஒலிச் சேவையகம் அதன் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

5. மின்சாரமும் வெப்பமும்

நம் ஊரில் இந்தப் படிக்குத் தனி எடை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மடிக்கணினி மின்சாரத்தைச் சேமிக்கத் தன் செயலியின் வேகத்தைத் தாழ்த்தி வைத்து, வேலை வரும்போது உயர்த்துகிறது. அந்த உயர்த்தலுக்குள் 128 பஃபரின் 2.7 மில்லிநொடி கடந்துவிடலாம். ஆகவே பதிவின்போது செயலியை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் நிறுத்த வேண்டும். ஜினோம், கேடிஈ ஆகியவற்றின் பேட்டரிப் பட்டியலிலேயே இந்தத் தெரிவு பல கணினிகளில் உண்டு. இல்லாத இடத்தில் சிபியூபவர் கட்டளையின் ஃப்ரீக்வென்சி-செட் வழியாக அமைக்கலாம்.

அப்படி அமைத்த பின்னும் பதிவின் நடுவே மின்தடை வந்தால் கணினி பேட்டரிக்கு மாறுகிறது. டிஎல்பி போன்ற மின்சேமிப்பு நிரல் நிறுவப்பட்டிருந்தால், அந்தக் கணமே செயலியின் அமைப்பையும் தன் பேட்டரி விதிகளுக்கு மாற்றிவிடும். மின்சாரம் போன பிறகும் பதிவு தொடர்கிறது என்ற மகிழ்ச்சியில் வாசித்து முடித்து, பிறகு கேட்டால் அந்த இடம் முதல் தெறிப்புகள் இருக்கும். டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் பேட்டரி நிலைக்கான கவர்னர் (செயலியின் வேகத்தை ஆளும் அமைப்பு) வரியையும் பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றுங்கள். பிறகு சார்ஜரை வேண்டுமென்றே கழற்றிப் பத்து நிமிடம் வாசித்துச் சோதியுங்கள்.

வெப்பம் இதைவிட நுட்பமாக ஏமாற்றும். சித்திரைத் திருவிழாவுக்காக அழகர் பாடல்கள் பதிவு செய்யும் பங்குனி, சித்திரை மாதங்களில், மைக்கில் இரைச்சல் ஏறும் என்பதால் அறையின் மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். முதல் பதினைந்து நிமிடம் ஒரு தெறிப்பும் இராது. பிறகு செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அப்போதிலிருந்து எக்ஸ்ரன் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கும். தொடக்கத்தில் சரியாக இருந்து பின்னர் கெடுகிறது என்றால், வெப்பத்தையே முதலில் ஐயுற வேண்டும். எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பின் சென்சார்ஸ் கட்டளை வெப்பநிலையைக் காட்டும்.

மடிக்கணினியை மெத்தை, துணி விரிப்பு ஆகியவற்றின் மேல் வைக்காமல், இரண்டு மரச்சட்டங்களின் மேல் தூக்கி வைத்து அடிப்பக்கம் காற்றோட்டம் கிடைக்கச் செய்யுங்கள். நான் கணினியை அறைக்கு வெளியே, ஓடும் மின்விசிறியின் கீழ் வைத்து, யூஎஸ்பி கேபிளை மட்டும் உள்ளே கொண்டுவருகிறேன். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் அறையின் கதவோரத்திலேயே இன்டர்ஃபேஸை வைத்திருக்கிறேன்.

6. யூஎஸ்பி இணைப்பு

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை சிறுகோடு டி விருப்பத்தோடு இயக்கினால், எந்தக் கருவி எந்தக் கிளையில் இருக்கிறது என்பது மரம்போலத் தெரியும். இன்டர்ஃபேஸ் இருக்கும் கிளையில் வெப்கேமரா, வெளிவன்தட்டு, பென்டிரைவ் எதுவும் இருக்க வேண்டாம். மலிவான ஹப் வழியாக இணைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேரே செருகுங்கள். 480எம் என்று வர வேண்டிய யூஎஸ்பி 2.0 இன்டர்ஃபேஸ் 12எம் என்று காட்டினால், கேபிளையோ ஹப்பையோ மாற்ற வேண்டும்.

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் போடும்போது மட்டும் இணைப்பு அறுந்தால், அந்த யூஎஸ்பி துளையால் தேவையான மின்சாரத்தைத் தர முடியவில்லை என்று பொருள். வேறு துளைக்கு மாற்றுங்கள்.

வைஃபையையும் ஒருமுறை ஆர்எஃப்கில் கட்டளையால் அணைத்துச் சோதியுங்கள். சில வைஃபை டிரைவர்கள் குறித்த இடைவெளியில் அலைவரிசைகளைத் தேடும்போது ஒலியைக் குறுக்கிடுகின்றன. ஒரே சீரான இடைவெளியில் தெறிப்பு வந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

7. இப்போது பஃபர்

கணக்கு எளியது. ஒலியை ஒருமுறை அளந்த அளவு ஒரு ஃபிரேம்; ஒரு பஃபர் அளவுள்ள ஒலித்துண்டு ஒரு பீரியட். பஃபரில் உள்ள ஃபிரேம் எண்ணிக்கையை சாம்பிள் ரேட்டால் வகுத்தால் ஒரு பீரியடின் நேரம் கிடைக்கும். 48000இல் 64 என்பது 1.3 மில்லிநொடி, 128 என்பது 2.7, 256 என்பது 5.3, 512 என்பது 10.7, 1024 என்பது 21.3. க்யூஜாக்சிடிஎல் காட்டும் தாமதம் இதைப் பீரியடுகளின் எண்ணிக்கையால் பெருக்கியது. 128ஐ 2 பீரியடோடு வைத்தால் 5.33 என்று காட்டும்.

256இல் தொடங்குங்கள். வெற்றுப் பணிக்கோப்பில் சோதிக்க வேண்டாம். நீங்கள் உண்மையில் வேலை செய்யும் பாடலைத் திறந்து, குறைந்தது பதினைந்து நிமிடம் வாசியுங்கள். எக்ஸ்ரன் ஏறவில்லையென்றால் 128. மீண்டும் பதினைந்து நிமிடம். ஏறினால் ஒரு படி மேலே வந்து அங்கேயே நில்லுங்கள். 64ஐ எட்டியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். கீபோர்டு வாசிப்பவர்களில் பெரும்பாலோர் 128க்கும் 64க்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதில்லை. ஆனால் பதிவில் விழுந்த ஒரு தெறிப்பை எல்லாரும் கேட்பார்கள்.

ஜாக்கில் யூஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கு 3 பீரியடுகளை வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி தன் தரவை மில்லிநொடிக் கட்டங்களாகவும், அதிவேக நிலையில் அவற்றின் எட்டில் ஒரு பங்காகவும் அனுப்புகிறது. அந்தத் தாளமும் பஃபரின் தாளமும் பொருந்தாத இடத்தில் மூன்றாவது பீரியட் இளைப்பாற இடம் தருகிறது. 256ஐ 2 பீரியடோடு வைப்பதைவிட 128ஐ 3 பீரியடோடு வைப்பது பல கருவிகளில் தாமதமும் குறைவு, உறுதியும் அதிகம். பழைய யூஎஸ்பி 1.1 கருவிகளில் 48000இல் 96, 144, 192 போன்ற 48இன் மடங்குகளையும் முயலலாம். ஒரு மில்லிநொடிக்குச் சரியாக 48 ஃபிரேம் என்பதால் கட்டங்கள் பிசகாமல் பொருந்தும்.

பைப்வயரில் முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள். பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையில் செட்டிங்ஸ் என்ற பெயரின் கீழ் க்ளாக்.ஃபோர்ஸ்-க்வான்டம் மதிப்பை 128 ஆக்கினால் உடனே மாறும். 0 ஆக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். பிடபிள்யூ-டாப்பைத் திறந்து, க்வான்ட் பத்தி உண்மையிலேயே 128 ஆனதா என்று பாருங்கள். பதிவு மென்பொருளில் 128 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி, கணினி 1024இலேயே ஓடிக்கொண்டிருப்பதை அறியாமல் இருப்பவர்கள் பலர். சரிவந்த பிறகே, உங்கள் வீட்டு அடைவில் உள்ள பைப்வயர் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதுங்கள்.

8. கேபிளை வளைத்துச் செருகி உண்மைத் தாமதத்தை அளவிடுங்கள்

மேலே கணக்கிட்டது காகிதத்தில் உள்ள தாமதம். ஒலியை எண்ணாக்கும் சில்லும், எண்ணை ஒலியாக்கும் சில்லும், யூஎஸ்பி வழியும் சேர்க்கும் நேரம் அதில் இல்லை. அதை அளந்தால்தான் தெரியும்.

ஸ்பீக்கரை அணைத்து, டைரக்ட் மானிட்டரையும் அணைத்து, இன்டர்ஃபேஸின் முதல் வெளியீட்டிலிருந்து முதல் உள்ளீட்டுக்கு கேபிளைச் செருகுங்கள். ஒலியளவை நடுவில் வையுங்கள். ஜாக்_ஐஓடிலே நிரலை இயக்கி, அதன் வெளியீட்டை முதல் வெளியீட்டோடும் முதல் உள்ளீட்டை அதன் உள்ளீட்டோடும் இணைத்தால், எண்கள் தொடர்ந்து ஓடும். ஆர்டோரின் ஒலி அமைப்புச் சாளரத்திலும் இதற்கென்று அளவிடும் பக்கம் உண்டு. டைரக்ட் மானிட்டரை அணைக்க மறந்தால் ஒலி கேபிள் வழியாகவே திரும்பத் திரும்பச் சுற்றும் என்பதால், அதை இருமுறை சரிபாருங்கள்.

ஜாக்கில் 128, 2 பீரியட், 48000 என்று வைத்து அளந்தபோது 540 ஃபிரேம் வந்ததாகக் கொள்வோம். அது 11.25 மில்லிநொடி. ஜாக் தன் கணக்கில் ஏற்கெனவே வைத்திருப்பது 384 ஃபிரேம். மீதி 156 அதற்குத் தெரியாதது. அதில் பாதியான 78ஐ க்யூஜாக்சிடிஎல்லின் உள்ளீட்டுத் தாமதம், வெளியீட்டுத் தாமதம் என்ற இரு கட்டங்களிலும் எழுதுங்கள். ஜாக்_ஐஓடிலேயே எந்த எண்ணை எழுத வேண்டும் என்று சொல்லிவிடும்.

இப்படி எழுதுவதால் கேட்கும் தாமதம் குறையாது. பதிவான ஒலி முந்தைய தடங்களோடு சரியான இடத்தில் விழும். அவ்வளவே இதன் பயன், ஆனால் பெரும் பயன். 156 ஃபிரேம் என்பது 3 மில்லிநொடிக்கு மேல். தவில் மேல் பம்பை, அதன் மேல் பறை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும்போது, ஒவ்வொருவரும் முந்தையவர் பிந்தி விழுந்த ஒலியைக் கேட்டே வாசிப்பதால் பிசகு அடுக்கடுக்காகச் சேரும். கடைசியில் தாளமே தளர்ந்ததாகத் தோன்றும். பழி கலைஞர் மேல் விழும். அந்த அநீதியைத் தவிர்க்க ஒரு கேபிளும் ஐந்து நிமிடமும் போதும்.

பஃபர், பீரியட், சாம்பிள் ரேட், யூஎஸ்பி துளை ஆகியவற்றில் எதை மாற்றினாலும் மீண்டும் அளக்க வேண்டும். பைப்வயரில் க்வான்ட் 128 என்று காட்டியும் அளவு மிக அதிகமாக வந்தால், யூஎஸ்பி கருவிகளுக்கு அது ஒதுக்கும் கூடுதல் இடமே காரணமாக இருக்கலாம். பைப்வயரின் கருவிகளை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பரின் அமைப்பில் அந்தக் கருவிக்கு மட்டும் ஏபிஐ.ஆல்சா.டிஸேபிள்-பேட்ச் என்பதை உண்மை என்று அமைத்து, திரும்ப அளந்து பாருங்கள். எக்ஸ்ரன் ஏறினால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

9. பாடலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் தாமதம்

கணினி ஒழுங்காக இருந்தும் ஒரு குறிப்பிட்ட பாடலில் மட்டும் ஒலி பிந்தினால், ப்ளகின்களை (பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் ஒலி மாற்றிகளை) பாருங்கள். முன்னோக்கிப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்வலைஸர் ஆகியவை ஒலியைப் பிடித்துவைத்தே விடுகின்றன. மாஸ்டர் தடத்தில் அப்படி ஒன்று இருந்தால் எல்லாமே பிந்தும். பதிவு முடியும்வரை அவற்றை அணைத்துவைத்து, கலவை செய்யும்போது திறந்துகொள்ளுங்கள். அப்போது பஃபரையும் 1024க்கு உயர்த்திவிடலாம். கலவையின்போது யாரும் வாசிக்கவில்லை.

10. கர்னல்: எல்லாம் முடிந்த பிறகு

லினக்ஸின் மையக்கருவான கர்னலை மாற்றுவதை முதற்படியாகச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். நான் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், நான்காவது, ஐந்தாவது படிகள் சரியாக இல்லாத கணினியில் எந்தக் கர்னலும் உதவியதை நான் பார்த்ததில்லை. அவை சரியான கணினியில் பெரும்பாலும் கர்னலைத் தொட வேண்டியே வரவில்லை.

இன்னும் குறுக்கீட்டு எக்ஸ்ரன் எஞ்சியிருந்தால், ஈடிசி அடைவின் டிஃபால்ட் அடைவில் உள்ள க்ரப் கோப்பில், கர்னலுக்கான இயல்பு வரியில் ப்ரீஎம்ப்ட்=ஃபுல், த்ரெட்ஐஆர்க்யூஎஸ் ஆகிய இரண்டையும் சேர்த்து, அப்டேட்-க்ரப் இயக்கிக் கணினியை மறுபடி தொடங்குங்கள். ஃபெடோராவில் கடைசிக் கட்டளை வேறு. மாற்றும் முன் அந்தக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள். இதுவும் போதாத அரிய நிலையில், நிகழ்நேரக் கர்னலை முயலலாம். அதற்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி குறிநிரல் 2024இல் வெளிவந்த 6.12 பதிப்பு முதல் மூலக் கர்னலிலேயே சேர்ந்திருக்கிறது.

சரிவந்த அமைப்பை நோட்டில் எழுதுங்கள்: கர்னல் பதிப்பு, ஒலிச் சேவையகத்தின் பதிப்பு, பஃபர், பீரியட், சாம்பிள் ரேட், யூஎஸ்பி துளை, அளந்த ஃபிரேம் எண்ணிக்கை. கலைஞர்கள் வரவிருக்கும் நாளுக்கு முந்தைய இரவில் கணினியைப் புதுப்பிக்க வேண்டாம். பதிவு முடிந்த மறுநாள் புதுப்பித்து, அன்றே கேபிளைச் செருகி மீண்டும் அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணைத் தேதியோடு எழுதிவையுங்கள்.